எந்த டிஸ்சார்ஜ்?

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லை மொழிபெயர்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. "அப்பாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்களாம்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரிகிறது. புண்ணிலிருந்து டிஸ்சார்ஜ் வருகிறதா என்று டாக்டர் கேட்டாலும் புரிகிறது. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆனாலும் புரிகிறது. ஆங்கிலச் சொல்லை அதன் எல்லா அர்த்தங்களோடும் சேர்த்து வாரி எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஸ்பானிஷ் மொழியில் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் ஒரு தனிச்சொல் உண்டு. குணமாகி வீட்டுக்குப் போவது 'ஆல்தா'. புண்ணில் நீர் கசிந்தால் 'செக்ரெசியோன்'. சீழ் வடிந்தால் 'சுபுராசியோன்'. பெண்களுக்கு வெள்ளைப்படுவது 'ஃப்ளூஹோ'. மின்சாரம் பாய்வதும் துப்பாக்கி வெடிப்பதும் 'தெஸ்கார்கா'. ராணுவத்திலிருந்து விடுவிக்கப்படுவது 'பாஹா' அல்லது 'லிசென்சியாமியெந்தோ'. இவற்றில் எதை எழுதுவது என்று முடிவுசெய்வதுதான் என் வாழ்க்கையின் பெரும்பகுதிக்கு எனக்குச் சோறு போட்ட வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் மொழிபெயர்ப்புப் பிரிவில் சேர்ந்தேன். கணவருக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை. நான் மாலை வகுப்புகளில் ஸ்பானிஷ் படித்தேன். அது பிடித்துப்போய் மேலும் மேலும் படித்தேன். டெக்ஸஸ் 1836 வரை மெக்ஸிகோவின் பகுதியாக இருந்த நிலம். மெக்ஸிகோ வம்சாவளியினர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எண்பதுகளில் எல் சல்வடோர், குவாத்தமாலா உள்நாட்டுப் போர்களுக்குத் தப்பி வந்தவர்கள் கல்ஃப்டன் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிறைந்தார்கள். கியூபாவிலிருந்தும் புவேர்த்தோ ரீக்கோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் பேசியது ஸ்பானிஷ்தான். ஆனால் நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்து ஸ்பானிஷ்கள்.

எங்கள் பிரிவு அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. ஒரு தொலைபேசி, ஒரு ஃபேக்ஸ், ஒரு தட்டெழுத்துக் கணினி, சுவர் நீளத்துக்கு அட்டைப் பெட்டிகள். பெட்டி நிறையக் கையகலக் குறிப்பட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆங்கிலச் சொல், அதன் அர்த்தங்களில் ஒன்று, அதற்கு ஏற்ற ஸ்பானிஷ் சொல், அது எந்த நாட்டாருக்குப் புரியும், எந்தப் படிவத்துக்காகத் தேடப்பட்டது, யாரிடம் கேட்டுத் தெரிந்தது என்று எல்லாம் இருக்கும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார். மெக்ஸிகோவின் மோந்தெர்ரேயிலிருந்து வந்த மூத்த பெண்மணி அவர். இளையவர்கள் எல்லோரும் அவருக்கு 'மிஹா'தான். 'என் மகளே' என்பதன் பேச்சு வடிவம் அது.

"மிஹா, அகராதியை அப்புறம் திற. முதல்ல போன் போடு."

முதல் வாரத்திலேயே அவரிடமிருந்து நான் கேட்டது இதைத்தான். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. அதில் ஒரு கட்டத்துக்கு மேல், 'டிஸ்சார்ஜ் ஆன தேதி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிப் படிவம், ஆகவே ஆல்தா என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ராணுவத்தின் எந்தப் பிரிவில் பணியாற்றினீர்கள் என்று அங்கே ஒரு கேள்வி இருந்தது. கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டார். அது முன்னாள் ராணுவத்தினருக்கான படிவம், கேட்பது ராணுவத்திலிருந்து விடுபட்ட தேதியை என்று பதில் வந்தது. அதோடு அவர் விடவில்லை. காத்திருக்கும் கூடத்தில், கொரியப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய புவேர்த்தோ ரீக்கோ முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 'பாஹா', 'லிசென்சியாமியெந்தோ' இரண்டையும் எழுதிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினார். முதியவர் இரண்டாவதைத் தொட்டுக் காட்டி, தன்னிடம் இருக்கும் காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். அட்டை எழுதப்பட்டது. கேட்டது யாரிடம் என்ற வரியில் கணக்குப் பிரிவும் அந்த முதியவரும் இடம்பெற்றார்கள்.

இந்த 'ஆல்தா', 'பாஹா' ஜோடியில் இன்னும் ஒன்று உண்டு. 'ஆல்தா' என்றால் நேர்ப்பொருள் உயரம். 'பாஹா' என்றால் தாழ்வு. ஆஸ்பத்திரியில் ஆல்தா கொடுத்தால் வெளியே போகலாம். வரி அலுவலகத்தில் அதே ஆல்தா உங்கள் பெயரைப் பதிவேட்டில் சேர்ப்பது; பாஹா என்பது பெயரை நீக்குவது. ஸ்பெயினில் உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் அது பாஹா; குணமாகி வேலைக்குத் திரும்பினால் ஆல்தா. ஆக, ஓரிடத்தில் விடைபெறும் சொல் இன்னோரிடத்தில் உள்ளே வரவேற்கும் சொல். ஆங்கிலத்தின் ஒரு சொல் ஸ்பானிஷில் ஏழாகப் பிரிகிறது. ஸ்பானிஷின் ஒரு சொல்லும் அதே போல் திரும்பிப் பிரிகிறது. இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் நடுவில் நிற்க முடியும்.

எல்லா மொழிகளிலும் சொற்கள் இப்படித்தான் வாழ்கின்றன. ஸ்பானிஷ் அகாடமி 2014-இல் வெளியிட்ட அகராதியின் 23-ஆம் பதிப்பில் 93,111 சொற்பதிவுகள், அர்த்தங்களோ 1,95,439. சராசரியாகச் சொல்லுக்கு இரண்டு அர்த்தத்துக்கு மேல். ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்களை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த 'ரன்' எங்கள் வார்டுகளில் நாள் முழுக்க ஓடும். ஆங்கிலத்தில் காய்ச்சல் 'ரன்' ஆகிறது, மூக்கு 'ரன்' ஆகிறது, பரிசோதனைகளை 'ரன்' செய்கிறார்கள், மாத்திரை தீர்ந்துபோனால் அதற்கும் 'ரன்', ஒரு நோய் பரம்பரையாக வந்தால் அதற்கும் 'ரன்'. ஓடுவதற்கு ஸ்பானிஷில் 'கொர்ரெர்' என்ற நல்ல வினைச்சொல் இருக்கிறது. மேலே சொன்ன ஐந்தில் ஒன்றிலும் அதற்கு வேலை இல்லை. காய்ச்சல் 'இருக்கும்', பரிசோதனை 'செய்வார்கள்', மாத்திரை 'முடியும்', நோய் 'குடும்பத்திலிருந்து வரும்'. மூக்கு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்: மெக்ஸிகோக்காரருக்கு அது 'எஸ்குர்ரெ', வேறு சிலருக்கு 'கோத்தெயா'. தமிழிலும் மூக்கு ஓடாது, ஒழுகும், மாத்திரை தீரும், நோய் பரம்பரையாக வரும். ஆகவே எனக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆங்கிலச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு இணை தேடக் கூடாது. நடப்பதைக் கண்முன் கொண்டுவந்து, அந்த ஊர்க்காரர் அதை எப்படிச் சொல்வார் என்று கேட்க வேண்டும்.

சில சொற்களில் அர்த்தத்தோடு மானமும் சேர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் 'ட்ரக்' என்பது மருந்தும்தான், போதைப்பொருளும்தான். 'ஏதாவது ட்ரக் எடுத்துக்கொள்கிறீர்களா' என்ற கேள்வியை 'ட்ரோகா' என்று ஸ்பானிஷில் எழுதிவிட்டால், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பாட்டி திகைத்துப்போய் 'இல்லவே இல்லை' என்பார். டாக்டர் அவர் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை என்று எழுதிக்கொள்வார். கேட்பது மருந்தைப் பற்றி என்றால் 'மெதிகமெந்தோ' என்று எழுத வேண்டும். இரண்டையும் கேட்பதானால் இரண்டு கேள்விகளாக்க வேண்டும். இத்தனைக்கும் கொலம்பியாவில் மருந்துக் கடைக்குப் பெயரே 'ட்ரோகெரியா'. ஒரு தெருவில் கௌரவமாகப் பலகையில் தொங்கும் சொல், இன்னொரு தெருவில் குற்றச்சாட்டு.

உறிஞ்சுகுழல் எங்கள் பிரிவில் பெரிய விவாதப் பொருள். பல் பிடுங்கிய பிறகு உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது. உறிஞ்சும்போது ரத்தக்கட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல், 'ஸ்ட்ரா'. வைக்கோலுக்கும் அதே சொல்தான் என்பது வேறு விஷயம். ஸ்பானிஷில் மெக்ஸிகோக்காரருக்கு 'பொப்போத்தெ', மத்திய அமெரிக்காவில் 'பஹிய்யா', கொலம்பியாவில் 'பித்தியோ', பெருவில் 'சொர்பெத்தெ', டொமினிக்கன் குடியரசில் 'கலிமெத்தெ', ஸ்பெயினில் 'பஹித்தா'. எங்கள் கூடத்தில் யார் அதிகம் என்று பார்த்து, 'பொப்போத்தெ' போட்டு அடைப்புக்குறிக்குள் 'பஹிய்யா' என்றும் சேர்த்து அச்சடித்தோம். அருகிலேயே ஒரு சின்னப் படமும் போட்டார் மூத்தவர். "படத்துக்கு எந்த நாடும் இல்ல" என்றார்.

மேசையில் மூன்று பெரிய அகராதிகள் இருந்தன. காலின் ஸ்மித் தொகுத்து 1971-இல் முதலில் வந்த காலின்ஸ். 1994-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு. மூன்றாவது, மரியா மொலினேரின் இரண்டு தொகுதிகள். முதல் இரண்டும் இரு மொழி அகராதிகள். ஒவ்வோர் அர்த்தத்துக்கும் பக்கத்தில், இது மெக்ஸிகோ, இது அர்ஜென்டினா, இது ஸ்பெயின் என்று சுருக்கக் குறிகள் இருக்கும். அந்தக் குறிகளைப் பார்க்காமல் சொல்லை எடுக்கக் கூடாது. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வினைச்சொல் மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை.

மரியா மொலினேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1900-இல் ஸ்பெயினின் பனீசா என்ற ஊரில் பிறந்த நூலகர் அவர். உள்நாட்டுப் போர் முடிந்து ஃபிராங்கோ ஆட்சி வந்ததும் பதவியிறக்கப்பட்டார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், நூலக வேலை முடிந்து வந்து, வீட்டில் உட்கார்ந்து, தாள் துண்டுகளில் ஒவ்வொரு சொல்லாக எழுத ஆரம்பித்தார். ஸ்பானிஷ் பயன்பாட்டு அகராதி என்ற பெயரில் அது 1966-லும் 1967-லும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சொல்லுக்கு அர்த்தம் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேரும், அதன் அண்டைச் சொற்கள் எவை, எந்த இடத்தில் எதை எடுக்க வேண்டும் என்று பேசத் தெரிந்தவருக்கும் வழிகாட்டினார். 1972-இல் அகாடமி உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, ஆனால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அகாடமிக்குள் முதல் பெண் தேர்வானது 1978-இல்தான். அவர் கவிஞர் கார்மென் கோந்தெ. மொலினேர் 1981-இல் காலமானபோது எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் அவரைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். எங்கள் அட்டைப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்மணியின் தாள் துண்டுகள் நினைவுக்கு வரும். அகராதி என்பது கேட்டுக் கேட்டுச் சேர்த்த பதில்களின் தொகுப்பு என்று நான் அறிந்துகொண்டது அவரால்.

2000-இல் ஃபெர்னாந்தோ நவார்ரோவின் புத்தகம் வந்தது. அவர் மருத்துவம் படித்த மொழிபெயர்ப்பாளர். ஆங்கில மருத்துவச் சொற்கள் ஸ்பானிஷில் எங்கெங்கே வழுக்கிவிடும் என்பதற்கென்றே ஒரு தனி அகராதி போட்டார். எங்கள் தொழிலில் அதைச் சிவப்புப் புத்தகம் என்பார்கள். ஆங்கிலத்தில் 'சிவியர்' என்று வரும் இடத்தில் ஒலியொற்றுமையை நம்பி 'செவேரோ' என்று எழுதக் கூடாது. நோய் என்றால் 'கிராவெ', வலி என்றால் 'இந்தென்சோ' என்று பார்த்து எழுத வேண்டும் என்பது போன்ற ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள். ஒருவர் தன் துறைக்காக இவ்வளவு பொறுமையோடு உழைக்க முடியுமா என்று பிரமித்துப்போனேன்.

இவ்வளவு கவனம் தேவையா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு 1980-இல் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்வேன். 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் கியூபா ஸ்பானிஷில் 'இந்தோக்ஸிகாதோ' என்றார்கள். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பில் நஞ்சு சேர்ந்துவிட்டது என்பது அவர்கள் சொன்னதன் பொருள். ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொல் போதையைக் குறிக்கும். அளவுக்கு மீறிய போதை மருந்து என்று வைத்து வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. அது தெரிவதற்குள் கைகால்கள் நான்கும் செயலிழந்துவிட்டன. வழக்கு, அவர் வாழ்நாள் முழுவதற்குமாகச் சுமார் 7.1 கோடி டாலர் வரை எட்டக்கூடிய சமரசத்தில் முடிந்தது. அந்த அறையில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

அன்றைக்குப் பெரும்பாலான அறைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தது குழந்தைகள்தான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்ற பிள்ளை, அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கும். பத்து வயதுகூட ஆகாத ஒரு பையன், அம்மாவை 'டிஸ்சார்ஜ்' செய்யப்போகிறார்கள் என்பதை 'தெஸ்கார்கார்' என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். லாரியிலிருந்து மூட்டை இறக்குவதற்குச் சொல்லும் சொல் அது. அம்மா முகத்தில் பயம். பையனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவன் ஆஸ்பத்திரியின் சொற்களை எங்கே கேட்டிருப்பான்? குழந்தைகளை இப்படி நிறுத்தக் கூடாது, அவசரத்துக்குத் தவிர, என்று 2016-இல் மத்திய அரசின் விதி வந்தபோது எங்கள் அறையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

இன்னொரு பழைய கதையும் எனக்கு நெருக்கமானது. நான் பிறந்தது முத்துக்குளித்துறையில். இன்றைய ஸ்பெயினின் நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் எங்கள் கடற்கரைக்கு வந்தார். உள்ளூர்க்காரர்கள் சிலரை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கினார். 1544-இல் அவர் தன் தோழர் மான்சில்லாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் இருக்கிறது. விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்று சொல்லிவரும் இடத்தில் இனி 'விசுவாசம்' என்று சொல்லுங்கள். முன்னது விரும்புவதைக் குறிக்கிறது, பின்னதுதான் நம்புவதைக் குறிக்கிறது என்று எழுதுகிறார். அந்தக் கடிதத்தை ஸ்பானிஷில் முதல்முறை படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இத்தனை தூரம் கடந்து வந்து ஸ்பானிஷில் நான் செய்யும் வேலையை, அந்த நாட்டுக்காரர் ஒருவர் என் ஊர் மணலில் நின்று தமிழில் செய்திருக்கிறார். சரியான சொல் அவருக்குக் கிடைத்தது, அந்த மக்களோடு கூடவே இருந்து மறுபடி மறுபடி கேட்டதால்தான்.

இன்று அந்த அறை இல்லை. அட்டைப் பெட்டிகள் கிடங்குக்குப் போயின. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவை 2006-இல் வந்தது. 2016 நவம்பரில் அது நரம்பு வலைப்பின்னல் முறைக்கு மாறியபோது ஆங்கிலம்–ஸ்பானிஷ் முதல் வரிசையில் இருந்தது. அதுவரை வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்த இயந்திரம், முழு வாக்கியத்தையும் பார்க்கத் தொடங்கியது. இப்போது எனக்கு வரும் ஆவணங்களில் இயந்திரம் ஏற்கெனவே ஒரு வரைவு போட்டிருக்கும். நான் அதைத் திருத்தித் தர வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி, முன்பைவிடக் குறைவு.

இயந்திரத்தைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. முழு வாக்கியம் கொடுத்தால் அது நன்றாகவே செய்கிறது. புண்ணைப் பற்றிய வாக்கியத்தில் 'செக்ரெசியோன்' போடுகிறது. வீட்டுக்கு அனுப்பும் வாக்கியத்தில் 'ஆல்தா' போடுகிறது. 2019-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இந்த டிஸ்சார்ஜ் குறிப்புகளையே எடுத்துக்கொண்டது. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும் 100 நோயாளிகளுக்கான குறிப்புகளை கூகுளில் மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். ஸ்பானிஷில் 92 சதவீத வாக்கியங்கள் சரி. சீன மொழியில் 81 சதவீதம். ஆனால் ஸ்பானிஷில் 2 சதவீதமும் சீனத்தில் 8 சதவீதமும் நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை. நூறில் இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், வாக்கியமே இல்லாத இடத்தில். இப்போது படிவங்கள் திரையில் இருக்கின்றன. அவற்றை எங்களுக்கு அனுப்புகிறவர்கள் ஒரு நீண்ட அட்டவணையாக அனுப்புகிறார்கள். ஒரு வரியில் 'டிஸ்சார்ஜ்'. அடுத்த வரியில் 'ஹோம்'. அதற்கடுத்த வரியில் 'ஸ்டூல்'. முன்னும் இல்லை பின்னும் இல்லை. 'ஹோம்' என்பது திரையின் முகப்புக்குத் திரும்பும் பொத்தானா? அப்படியானால் 'இனிசியோ'. நோயாளியின் வீட்டு முகவரியா? 'தொமிசிலியோ'. டிஸ்சார்ஜ் ஆகி அவர் போகப்போகும் இடமா? 'காசா'. 'ஸ்டூல்' மலப் பரிசோதனையா, உட்காரும் முக்காலியா? இயந்திரம் தயங்குவதில்லை. எது அதிகம் வருமோ அதைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. எந்த அறையில், யார் கையில், எதற்காக என்று அது கேட்பதில்லை.

இப்படி அரைகுறையாகத் தொங்கும் சொல் என்ன செய்யும் என்பதற்கு 2010-இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு சாட்சி. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக் கடைகள் கணினி மூலம் அச்சிட்ட ஸ்பானிஷ் மருந்து லேபிள்களைச் சேகரித்தார்கள். பாதியில் பிழை. நாளைக்கு ஒரு தடவை என்று சொல்லும் ஆங்கிலச் சொல்லான 'வன்ஸ்' சில சமயம் மொழிபெயர்க்கப்படாமல் நின்றுவிடும் ஆபத்தை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே எழுத்துகளை ஸ்பானிஷில் 'ஓன்ஸே' என்று படிப்பார்கள். அர்த்தம், பதினொன்று.

'யூ' என்ற சின்னச் சொல்லும் என்னை விடுவதில்லை. ஸ்பானிஷில் நெருங்கியவருக்கு 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்'. அர்ஜென்டினாவிலும் மத்திய அமெரிக்காவின் பல இடங்களிலும் 'வோஸ்'. இயந்திரம் ஒரே துண்டறிக்கையில் முதல் பத்தியில் 'உஸ்தெத்' என்று தொடங்கி, மூன்றாம் பத்தியில் 'தூ' என்று இறங்கிவிடும். அர்த்தம் பிசகவில்லை என்று விட்டுவிட என்னால் முடியாது. எழுபது வயதுக்காரரிடம் 'நீங்கள் உட்காருங்கள், சட்டையைக் கழற்று' என்று தமிழில் சொன்னால் எப்படியிருக்கும்? நீ, நீங்கள் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே உறுத்துகிறது. ஆங்கிலத்திலேயே வளர்ந்த சக ஊழியர்களுக்கு இதைக் காட்டிக்கொடுப்பவள் பெரும்பாலும் நான்தான். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அன்று சொல் கிடைப்பது கடினம். ஆனால் அது போய்ச் சேரும் இடம் எங்களுக்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் வார்டு, அங்கே நோயாளி, அவர் கையில் எங்கள் காகிதம். இன்று சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு நொடியில் பத்துக் கிடைக்கும். இடம்தான் தெரியவில்லை. அட்டையின் கடைசி வரியில் நாங்கள் எழுதியதை, அதாவது யாரிடம் கேட்டோம் என்பதை, நிரப்ப இன்றைய அட்டவணையில் கட்டமே கிடையாது.

இதை மாற்றலாம், மாற்றும் வழியும் தெரிந்ததுதான். 2000-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த மொழி அணுகல் ஆணை 2025 மார்ச்சில் விலக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 1557-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்கீழ் 2024-இல் வந்த விதி, உரிமையையும் சிகிச்சையையும் பாதிக்கக்கூடிய முக்கியமான ஆவணத்தை இயந்திரத்தில் மொழிபெயர்த்தால், தகுதிபெற்ற மனித மொழிபெயர்ப்பாளர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் சரிபார்ப்பவருக்கு வெறும் அட்டவணையைக் கொடுத்தால் அவரும் இயந்திரத்தைப் போல ஊகிக்கத்தான் வேண்டும். படிவத்தின் படத்தைக் கொடுங்கள். அதை நிரப்பப்போவது யார் என்று சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொற்களைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஒற்றைச் சொற்கள் நிறைந்த ஓர் அட்டவணையைக் கொடுத்து, மொழிபெயர்க்காமல், அனுப்பியவருக்குக் கேள்விகளை மட்டும் எழுதச் சொல்கிறேன். நல்ல கேள்வி எழுதுகிறவர் நல்ல மொழிபெயர்ப்பாளராக வருகிறார். இதுவரை அது பொய்த்ததில்லை. வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தம் போடும்போது, சந்தேகம் கேட்பதற்கான நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். சிலர் மறுக்கிறார்கள், சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரிகளின் படிவங்களைப் பார்த்தாலே தெரியும். அவற்றை நிரப்பும் நோயாளி அடுத்தவரைத் திரும்பிப் பார்த்து, இங்கே என்ன கேட்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டியிருப்பதில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, அவருக்காக, முன்பே ஒருவர் கேட்டு முடித்திருக்கிறார்.